கோட்டுக்கு ஏது கையெழுத்து

முதலில் அதை ஒரு நூலிழை என்று நினைத்து ஊதினாள் ஹிசாயோ. அது நகரவில்லை. விரல்நுனியால் தட்டிவிட்டாள். அப்போதும் நகரவில்லை. கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிக்கொண்டு பார்த்தபோதுதான் தெரிந்தது. தொகுஜி தன் கைப்பட எழுதிவைத்துவிட்டுப் போன உயிலின் குறுக்கே, மேல்மூலையிலிருந்து எதிர்ப்பக்கத்துக் கீழ்மூலை வரைக்கும், வெளிறிய சிவப்பில் ஒரு கோடு. யாரோ சிவப்புப் பென்சிலால் அழுத்தி இழுத்திருக்கிறார்கள். யாரோ அதை அழிக்கவும் பார்த்திருக்கிறார்கள். நடுவில் ஏறக்குறைய மறைந்துவிட்டது, இரண்டு முனைகளிலும் மட்டும் அப்படியே இருந்தது.

புத்த மாடத்துக்கு முன்னால், எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்த யூகாரியும் அதைப் பார்த்துவிட்டாள். அவள் தொகுஜியின் ஒரே மகள். மத்சுயாமாவில் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பில் வேலை. அன்று காலையில்தான் அப்பாவின் நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்து அஸ்தியைக் கல்லறையில் வைத்துவிட்டு வந்திருந்தாள், இன்னும் கறுப்பு உடையைக்கூட மாற்றவில்லை. காகிதத்தைப் பார்த்தாள், பிறகு ஹிசாயோவைப் பார்த்தாள். ஹிசாயோவும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இருவர் மனதிலும் ஓடியது ஒரே சொல். நீதான்.

"இது எப்பருந்து இருக்கு?" என்றாள் யூகாரி.

"எனக்கெப்படித் தெரியும்? நானே இன்னிக்குத்தான் பாக்குறேன்."

"தினமும் இந்த மாடத்துல சோறு வைக்கிறது நீங்கதானே, ஹிசாயோசான்?"

"வைக்கிறேன், உங்க அம்மாவுக்கு. அதுக்காக இழுப்பறையவும் நோண்டணுமா?"

யூகாரி கைப்பையிலிருந்து போனை எடுத்து, உயிலைப் பக்கத்தில் போய் ஒன்று, தள்ளிப்போய் ஒன்று, மூலைக்கு மூலை என்று படம் எடுத்தாள்.

"எதுக்கு இத்தனை படம்?"

"அடுத்த தடவ பாக்குறப்ப மிச்சமும் அழிஞ்சுபோயிருந்தா? அதுக்குத்தான்."

ஹிசாயோ உயிலைப் படக்கென்று மடித்து உறைக்குள் போட்டாள். கோபமா பயமா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

உயில் இருந்தது புத்த மாடத்தின் கீழ் இழுப்பறையில், தொகுஜியின் செத்துப்போன மனைவி கிக்குவின் பெயர்ப்பலகைக்கு நேர் கீழே. வருஷங்களுக்கு முன் ஒருநாள் நூடுல்ஸ் கொதிக்கிற அண்டாவைக் கிளறிக்கொண்டே, "என் காகிதம் கிக்குவுக்குக் கீழ இருக்கு" என்று சொன்னார் தொகுஜி. ஏதோ கத்தரிக்கோல் இருக்கிற இடத்தைச் சொல்வதுபோல் சொன்னார். ஹிசாயோ ஒருநாளும் அதைத் திறந்து பார்த்ததில்லை. பார்த்தால் அதற்காகத்தான் இந்த வீட்டில் இருக்கிறாள் என்று ஆகிவிடுமே என்கிற வீம்பு. உறையை ஒட்டக்கூட இல்லை அந்த மனுஷர். வருகிறவர் போகிறவர் யார் வேண்டுமானாலும் திறக்கலாம்.

இமாபாரித் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கிற மினாதோயா என்கிற உதோன் நூடுல்ஸ் கடைக்கு, கிண்ணம் கழுவி எடுத்துக்கொடுக்கிற வேலைக்கு வந்தவள் ஹிசாயோ. கிக்கு அப்போது உயிரோடு இல்லை. கொஞ்ச நாளில் மாடியிலேயே தங்கிவிட்டாள். இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. முதலில் கூப்பிட்டுப் பழகிய 'முதலாளி' என்கிற வார்த்தை மட்டும் கடைசிவரை மாறவில்லை. படுக்கையிலும் முதலாளிதான், ஆஸ்பத்திரியில் மூச்சு முட்டியபோதும் முதலாளிதான். கல்யாணத்தை மட்டும் பதிவு செய்யவில்லை. அம்மா பெயர் இருந்த குடும்பப் பதிவேட்டில் இன்னொருத்தி பெயர் ஏறக்கூடாது என்று யூகாரி அந்தக் காலத்தில் அழுது ஆர்ப்பாட்டம் பண்ணியிருந்தாள். தொகுஜி, "அப்புறம் பாக்கலாம்" என்றார். அப்புறம் வரவே இல்லை. ஊருக்கு ஹிசாயோ அவர் மனைவி, பதிவேட்டுக்கு யாரோ. யாரோ ஒருத்திக்குச் சட்டத்தில் ஒரு பிடி மண்கூடக் கிடையாது. அந்த ஒரு காகிதம்தான் அவளுக்கு வீட்டையும் கடையையும் கொடுக்கிறது. வங்கியில் இருப்பதும் மலைச்சரிவில் உள்ள ஆரஞ்சுத் தோட்டமும் யூகாரிக்கு என்று அதிலேயே எழுதியிருக்கிறார். தேதி சரி, பெயர் சரி, முத்திரை சரி. நடுவில் அந்தக் கோடு மட்டும்.

அன்று சாயங்காலமே தங்கை சாயோவுக்குப் போன் போட்டாள். சாயோ பாலத்துக்கு அந்தப் பக்கம் ஓமிஷிமா தீவில் இருக்கிறாள், எதையும் ஒரே மூச்சில் தீர்ப்புச் சொல்லி முடிப்பவள்.

"அவதான்க்கா. இதுல என்ன யோசனை? ஓபோன் பண்டிகைக்கு வந்தப்ப மாடம் இருக்கிற ரூம்லதானே பாய் விரிச்சுப் படுத்தா?"

"ஒவ்வொரு வருஷமும் அங்கதான் படுப்பா."

"அப்ப ஒவ்வொரு வருஷமும் பாத்திருப்பா."

"பாத்திருந்தா கிழிச்சே போட்டிருக்கலாமேடி. கோடு எதுக்குப் போடணும்?"

"கிழிச்சா அது குத்தம். கோட்டுக்கு ஏது கையெழுத்து? யாரு போட்டான்னு எந்தச் சாமி வந்து சொல்லப்போகுது? பல்லு டாக்டர்கிட்ட வேலை பாக்குறவக்கா, நோகாமப் புடுங்கத் தெரியாதா அவளுக்கு?"

சிரிப்பு வந்துவிட்டது ஹிசாயோவுக்கு. ஆனால் போனை வைத்த பிறகு சாயோ சொன்னது நெஞ்சில் அப்படியே உட்கார்ந்துகொண்டது. யூகாரி வந்துபோன நாட்களை ஒவ்வொன்றாக எடுத்துப் புரட்டினாள். இலையுதிர்காலத்தில் கல்லறைக்குப் போக வந்தபோது, "மாடத்த நான் தொடைக்கிறேன், நீங்க கடையப் பாருங்க" என்றாளே, அது எதற்கு? அப்பாவுக்கு மறதி அதிகமாகிறதா என்று டாக்டரிடம் தனியாகப் போய்க் கேட்டாளே, அது எதற்கு? ஒவ்வொரு முறையும் ஹிசாயோவுக்கென்று தனியாக இனிப்பு வாங்கிவருவாள். வாங்கிவந்த இனிப்புகூட இப்போது வாயை அடைக்க வந்ததாகத் தோன்றியது. சந்தேகம் என்பது ஒரு வசதியான சாமான். ஒருமுறை கைக்கு வந்துவிட்டால் எதை வேண்டுமானாலும் அதைக்கொண்டு அளக்கலாம்.

யூகாரியும் சும்மா இருக்கவில்லை. இரண்டு நாளைக்கு ஒருமுறை போன். தீவிபத்துக் காப்பீடு யார் பெயரில் இருக்கிறது, கடையின் பின்கதவுக்கு எத்தனை சாவி, உயில் இப்போது எங்கே வைத்திருக்கிறீர்கள். ஒருநாள் கேட்டே விட்டாள்.

"கோட்ட அழிச்சது நீங்கதானே?"

"போட்டது நீங்கன்னு நான் கேட்டேனா?"

"கேக்கலைன்னாலும் முகத்துல எழுதியிருக்கே."

"என் முகத்துல எழுதினதையாவது அழிக்காம விட்டுவைங்க."

அதற்குப் பிறகு யூகாரி போன் செய்யவில்லை.

வக்கீல் ஒகுனோ கடையின் பழைய வாடிக்கைக்காரர். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் அவர் அலுவலகம், ரயில் போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். உயிலைப் பார்த்ததும் அவர் முதலில் கேட்டது எழுத்தைப் பற்றி இல்லை.

"யார் போட்டது?"

"தெரியலையே, வக்கீலய்யா."

"இதுல அது ஒண்ணுதாம்மா கேள்வி. எழுதினவரே வேணும்னு முழுக் காகிதத்துக்கும் குறுக்கால இப்படி ஒரு கோடு இழுத்திருந்தார்னா, எழுத்து நல்லாப் படிக்க முடிஞ்சாலும் சரி, உயில் அப்பவே செத்துப்போச்சு. கிழிச்சுப் போட்டதுக்குச் சமம்."

"அழிச்சிருக்கே?"

"அங்கதான் சிக்கல். ஒருதடவ செத்த உயில் கோட்ட அழிச்சதால எழுந்து உக்காராது. அவர் மனசு மாறி, ஐயோ தப்புப் பண்ணிட்டோமேன்னு அழுதுகிட்டே அழிச்சிருந்தாலும் சட்டத்துக்கு அது கணக்கில்ல. திரும்ப வேணும்னா புதுசா ஒண்ணு எழுதியிருக்கணும். யாராவது ஏமாத்தியோ மிரட்டியோ கோடு போட வச்சிருந்தா வேற கதை."

ரயில் ஒன்று போனது. ஜன்னல் கண்ணாடி நடுங்கி முடிகிற வரைக்கும் இருவரும் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வேற யாராவது போட்டிருந்தா?" என்றாள் ஹிசாயோ.

"அப்ப அது வெறும் அழுக்கு. உயில் உசுரோட இருக்கு, வீடு உங்களுது." அவர் குரலைத் தாழ்த்தினார். "அவர்தான் போட்டார்னு காட்டவேண்டியது அந்தப் பொண்ணு பாடு. நீங்க எதையும் நிரூபிக்க வேண்டாம். குடும்பநல நீதிமன்றத்துல உயிலப் பாத்து, எப்படி இருக்குன்னு பதிவு பண்ணுவாங்க. கேட்டா 'தெரியாது'ன்னு சொல்லுங்க, அது போதும். அப்பா போட்டதப் பாத்தேன்னு அவளால சொல்ல முடியாது. நான் போட்டேன்னும் சொல்ல மாட்டா."

"ஏன் சொல்ல மாட்டா?"

"உயில்ல கைவச்ச வாரிசுக்கு ஒண்ணும் கிடைக்காது. வங்கிப்பணம், தோட்டம் எல்லாம் கையவிட்டுப் போயிடும். யாராவது வலியப் போய்த் தலையக் குடுப்பாங்களா?"

வெளியே வந்து துறைமுகத்து ஓரமாக நடந்தாள். வக்கீல் சொன்னது அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். தெரியாது என்கிற ஒரு வார்த்தை, அதற்கு விலை ஒரு வீடு. ஆனால் நடக்க நடக்கத்தான் தெரிந்தது, இத்தனை நாளும் அவள் யூகாரியைத் திருடி என்று நினைத்துக்கொண்டிருந்தது ஒரு ஆறுதலுக்காக. யூகாரி இல்லை என்றால் மிச்சம் இருப்பது ஒரே ஒரு ஆள். முதலாளியே கோடு போட்டுத் தன்னை அடித்துவிட்டிருப்பாரோ என்கிற நினைப்பைவிட, அவர் மகளைக் கெட்டவளாக்குவது சுலபமாக இருந்தது. அவரை அந்த அளவுக்குக் கோபப்படுத்திய ஒரு குளிர்காலம் உண்டு. அதை யாரிடமும் சொல்லாமல் மென்று விழுங்கியிருந்தாள், வக்கீலிடமும் சொல்லவில்லை.

அந்த வருஷம் கிக்குவின் பழைய கல்லறைக் கல்லை எடுத்துவிட்டுப் புதுக் கல் நிறுத்தினார் தொகுஜி. பூ வைக்க அவரோடு போன ஹிசாயோ கல்லைப் பார்த்து நின்றுவிட்டாள். கிக்குவின் பெயருக்குப் பக்கத்தில் தொகுஜியின் பெயரும் வெட்டியிருந்தது, உயிரோடு இருக்கிறவர் பெயர் என்பதற்காகச் சிவப்பு மை பூசி. இரண்டு பெயரும் கல்லை நிறைத்துக்கொண்டு நின்றன. மூன்றாவதாக ஒன்றைச் செருக இடமில்லை. "எனக்கு?" என்று அவள் கேட்டாள். "உனக்கு என்ன?" என்றார் அவர். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார், அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அன்றைக்கே துணியை எடுத்துக்கொண்டு சாயோ வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது, "செத்தவகிட்டயே சோறு கேட்டுத் தின்னுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒரு மாதத்துக்குமேல் அங்கே இருந்தாள், ஆரஞ்சு பறித்தாள், தினமும் பேருந்துச் சத்தத்துக்குக் காதைக் கொடுத்தாள். கடைசியில் ஒருநாள் தொகுஜி வந்து இறங்கினார். சாயோ கொடுத்த ஆரஞ்சுகளை வரிசையாக உரித்துத் தின்றார். மன்னிப்பும் கேட்கவில்லை, கல்லைப் பற்றியும் பேசவில்லை. "மாவு சரியா சேரமாட்டேங்குது" என்றார். அவளும் துணியை எடுத்துக்கொண்டு கூடவே வந்துவிட்டாள்.

கடையை அவள் மூடவில்லை. மூடினால் யூகாரி சாவியைக் கேட்பாள் என்று ஒரு பயம், மூடிவிட்டு என்ன செய்வது என்று இன்னொரு பயம். நீதிமன்றத்துக்குப் போக இருந்த வாரத்தில் ஒருநாள் காலை, உப்புத்தண்ணீர் ஊற்றிப் பிசைந்த மாவைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் காலால் மிதித்துக்கொண்டிருந்தாள். மிதித்துக்கொண்டே உயிலை எடுத்து அடுக்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். எத்தனையாவது தடவை என்று அவளுக்கே தெரியாது. கோடு மறைந்திருந்த நடுப்பகுதியில் ஏதோ மினுங்கியது. நகத்தால் தடவினாள். பொருக்குத்தட்டிய ஏதோ ஒன்று, வெயிலில் காய்ந்த பசைமாதிரி. நகத்தில் வந்ததை நாக்கில் வைத்தாள். உப்புக் கரித்தது.

மிதிப்பதை நிறுத்திவிட்டாள். உதோன் மாவு. அவளுக்கு அது என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடையில், வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய ஆர்டர்களின் சீட்டுகளைத் தொகுஜி அடுப்புக்கு மேலே ஒரு கம்பியில் மாட்டியிருப்பார். கிண்ணம் வாசல் தாண்டியதும் காதில் செருகியிருக்கும் சிவப்புப் பென்சிலை எடுத்துச் சீட்டின் குறுக்கே ஒரு இழுப்பு. கொடுத்தாயிற்று, இனி நமக்கும் அவனுக்கும் ஒன்றுமில்லை என்று அர்த்தம். எப்போதாவது வீடு பூட்டியிருந்து கிண்ணம் திரும்பி வந்துவிட்டால் அந்தக் கோட்டை அழிப்பார். சிவப்புப் பென்சிலை ரப்பரால் அழித்தால் அப்பிக்கொள்ளும் என்று, பிசைந்துகொண்டிருக்கிற மாவில் ஒரு சிட்டிகை கிள்ளி, ஒற்றி ஒற்றி எடுப்பார். இன்னும் கொடுக்க வேண்டியது பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். இப்படி அழிக்கிற ஆள் உலகத்திலேயே அவர் ஒருத்தர்தான். யூகாரிக்குச் சின்ன வயதிலிருந்தே மாவு பட்டால் கை தடித்துவிடும், கிட்டேயே போகமாட்டாள்.

ஆக, அழித்தது முதலாளி. ஹிசாயோ அடுக்களைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். வெறும் துக்கம் என்று சொல்ல முடியாது. இருபது வருஷத்தில் அந்த மனுஷர் அவளிடம் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை, திட்டியதும் இல்லை. அவள் போனதும் இவளுக்கும் எனக்கும் ஒன்றுமில்லை என்று கோடு போட்டிருக்கிறார். தீவுக்கு வந்து கூட்டிக்கொண்டு போன அன்றைக்கோ மறுநாளோ, மாவைக் கிள்ளிக்கொண்டு மாடத்துக்குப் போய் அதை ஒற்றி எடுத்திருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லவில்லை, கிழவர். சொல்லியிருந்தால் புதுசாக ஒன்று எழுதிக்கொடுங்கள் என்று கேட்டிருப்பாளே.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வக்கீலுக்குப் போன் செய்து மாவைப் பற்றி மட்டும் சொன்னாள். ஒகுனோ உற்சாகமாகிவிட்டார்.

"அருமை! மக போட்டா, அப்பா பாத்துட்டு அழிச்சார். ஏன் அப்படி இருக்கக்கூடாது?"

"அப்படி இல்ல, வக்கீலய்யா."

"நீங்க பாத்தீங்களா?"

"பாக்கல. எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சத மனசோட வச்சுக்கங்கம்மா. பாக்காதத 'தெரியும்'னு சொல்றதுதான் பொய். 'தெரியாது'ன்னு சொல்றது பொய்யே இல்ல."

கெட்டிக்காரர்தான். அவர் சொன்னபடியே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். அறுபத்துமூன்று வயதில் வீடில்லாமல் தங்கை வீட்டில் ஆரஞ்சு பறித்துக்கொண்டிருக்க முடியாது. யூகாரி மேல் சந்தேகம் விழுந்தால் விழட்டும், அவளுக்கு மத்சுயாமாவில் புருஷன் இருக்கிறான், மாடி வீடு இருக்கிறது. தெரியாது, தெரியாது என்று கிண்ணம் கழுவும்போதெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

நீதிமன்றத் தாழ்வாரத்தில் யூகாரி முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். இயந்திரத்தில் வாங்கிய சூடான தேநீர் டப்பா இரண்டு வைத்திருந்தாள், ஒன்றை நீட்டினாள். ஹிசாயோ அதை வாங்கித் திறக்காமல் கையில் வைத்துக்கொண்டாள்.

"குடிங்க. வெசமெல்லாம் இல்ல."

"சூடு ஆறட்டும்."

கொஞ்ச நேரம் இருவரும் எதிர்ச்சுவரில் இருந்த அறிவிப்புகளைப் படித்தார்கள்.

"போன ஓபோனுக்கு வந்தப்ப அப்பா எங்கிட்ட ஒரு வார்த்தைகூடப் பேசல" என்றாள் யூகாரி. "உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"

என்னவோ வாயைக் கிண்டுகிறாள் என்று தோன்றியது ஹிசாயோவுக்கு. உள்ளே போவதற்கு முன் என்னிடம் எதையாவது பிடுங்கப் பார்க்கிறாள்.

"அவர் யாருகிட்டதான் பேசினாரு?" என்று பிடி கொடுக்காமல் சொன்னாள்.

"அதுவும் சரிதான்" என்றாள் யூகாரி. இன்னும் ஏதோ சொல்ல வந்தவள், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் எழுந்துவிட்டாள்.

உள்ளே சின்ன அறை. நடுவில் ஒரு மேஜை. நீதிபதி யூகாரியைவிட இளைய பெண், எழுத்தர் நரைத்த தலையுள்ள ஆள். உயிலை மேஜையில் விரித்து அளந்தார்கள், காகிதம் எப்படி, மை எப்படி, முத்திரை எங்கே என்று எழுத்தர் எழுதிக்கொண்டே வந்தார். நீதிபதி முதலிலேயே சொல்லிவிட்டார்.

"இது செல்லுமா செல்லாதான்னு இன்னிக்கு முடிவு பண்ணப் போறதில்லை. எந்த நிலையில இருக்குன்னு பதிவு பண்ணுறோம். நீங்க சொல்றதும் பதிவாகும்."

எழுத்து உங்கள் அப்பாவுடையதா? ஆமாம். முத்திரை? ஆமாம். இந்தக் கோட்டைப் பற்றி ஏதாவது தெரியுமா?

"தெரியாது" என்றாள் யூகாரி. கேள்வி முடிவதற்கு முன்பே சொல்லிவிட்டாள்.

எழுத்தர் ஹிசாயோ பக்கம் திரும்பினார். "உங்களுக்கும் இறந்தவருக்கும் உறவு... 'உடன் வசித்தவர்'னு மனுவில இருக்கு. சரிதானே?"

"சரிதான்" என்றாள். மாடியில் வாடகைக்கு இருந்தவளைக்கூட அப்படித்தான் எழுதுவார்கள். அந்த வார்த்தை பேனாவிலிருந்து காகிதத்தில் இறங்குவதை எட்டிப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அரசாங்கத்துக் காகிதம் ஒன்றில் அவள் பெயரும் அவர் பெயரும் சேர்ந்து ஏறுவது இதுதான் முதல் தடவை. இனி ஏறப்போவதும் இல்லை. அதில் அவளைப் பற்றி எழுதியிருக்கப் போவது இவ்வளவுதான்.

"கோட்டைப் பற்றி உங்களுக்கு ஏதாவது தெரியுமா?" என்றார் நீதிபதி.

தெரியாது என்று சொல்ல வாயைத் திறந்தாள். அவ்வளவு தடவை சொல்லிப் பழகிய வார்த்தை வரவில்லை.

"தெரியும். முதலாளி போட்டது."

யூகாரி வெடுக்கென்று நிமிர்ந்தாள்.

"அவர் போட்டதைப் பாத்தீங்களா?"

"பாக்கல. நான் கோவிச்சுகிட்டுத் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். அப்பப் போட்டுட்டார். அப்புறம் அவரே வந்து கூட்டிகிட்டுப் போனார். வந்து, அவரே அழிச்சார். உதோன் மாவ வச்சு ஒத்தி எடுத்திருக்கார், நடுவுல பாருங்க, காஞ்சுபோய் ஒட்டியிருக்கு."

"மாவா?" என்றார் எழுத்தர்.

"மாவுதான். ரப்பர்னு எழுதிடாதீங்க."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க சொல்றது உங்களுக்கே எதிராப் போகலாம். அது புரியுதா?"

"புரியுது. வெட்டிவிட்டவரும் அவர்தான், சேத்துக்கிட்டவரும் அவர்தான். ரெண்டையும் எழுதிக்கங்க. அது போதும் எனக்கு."

வீடு போயிற்று, அடுப்பு, அண்டா, மாடிப்படி எல்லாம் போயிற்று. வக்கீல் தலையில் அடித்துக்கொள்வார், சாயோ ஒரு வாரத்துக்குத் திட்டுவாள். அவளுக்கு அதைப் பற்றியெல்லாம் இனிமேல்தான் பயப்பட வேண்டும். இப்போதைக்கு எழுத்தரின் பேனாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் யூகாரியின் பார்வை தன்மேல் ஊர்வது தெரிந்தது. இதில் என்ன சூது இருக்கிறது, இன்னொரு உயில் எங்கேயாவது வைத்திருக்கிறாளா என்று தேடுகிற பார்வை. தேடட்டும் என்று விட்டுவிட்டாள். மேற்படி கோட்டை இறந்தவரே வரைந்ததாகவும், பின்னர் மாவினால், என்று எழுத்தர் வாய்க்குள் சொல்லிக்கொண்டே எழுதினார்.

"அத எழுதாதீங்க."

யூகாரியின் குரல். அவள் எழுந்து நின்றிருந்தாள்.

"எதை?" என்றார் நீதிபதி.

"அப்பா போட்டார்ங்கிறத. அவர் போடல. கொஞ்சம் நில்லுங்க. எழுதிடாதீங்க."

ஹிசாயோ அவளைப் பார்த்தாள். எழுத்தர் பேனாவைக் காகிதத்திலிருந்து தூக்கினார், வரி பாதியில் நின்றது. யூகாரி மெதுவாக உட்கார்ந்து, தன் வலது கையை மேஜைமேல் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, அது வேறு யாருடைய கையோ என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.